மூலிகை உலர்த்த எத்தனை டிகிரி வைப்பது? துளசி முதல் சுக்கு வரை முழு வழிகாட்டி

டிரையர் வாங்கி இறக்கிய அன்றே எல்லோரும் கேட்பது ஒரே கேள்வி: "எத்தனை டிகிரி வைக்க வேண்டும், அண்ணாச்சி?" நான் பதிலுக்கு இரண்டு கேள்விகள் கேட்பேன். என்ன செடி? உங்கள் டிரையர் காட்டும் எண்ணை நீங்கள் சோதித்தீர்களா? இரண்டாவது கேள்விக்கு இதுவரை ஒருவர்கூட ஆம் என்று சொன்னதில்லை.

அம்பாசமுத்திரம் பக்கம் பத்துத் தட்டு கொண்ட ஒரு சிறிய மின் டிரையரை வைத்துச் சில வருடங்களாக இலை, பூ, வேர் உலர்த்தி வருகிறேன். அக்கம்பக்கத்து மகளிர் குழுக்களுக்கும் சொல்லிக் கொடுக்கிறேன். சரக்கு கெட்டுப்போன இடங்களை எண்ணிப் பார்த்தால், தப்பான எண் வைத்ததால் கெட்டது கொஞ்சம். எண் சரியாக இருந்தும் வரிசை தவறியதால் கெட்டதுதான் அதிகம். டிரையர் காட்டுவது காற்றின் சூடு. இலையின் சூடு வேறு. இந்த இரண்டுக்கும் இடையில் உள்ள தூரம் மணிக்கு மணி மாறும். கீழே வரும் படிகள் அந்தத் தூரத்தைக் கவனிப்பதற்காகத்தான்.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

ஒரு கிராம் சுத்தமாகக் காட்டும் மின் தராசு. நகைக்கடைத் தராசு தேவையில்லை, சமையலறைத் தராசு போதும். கம்பி முனையுள்ள டிஜிட்டல் தெர்மாமீட்டர் இரண்டு. காற்றின் ஈரப்பதத்தைச் சதவீதத்தில் காட்டும் ஈரப்பத மீட்டர் ஒன்று, தீப்பெட்டி அளவில் சிறியதாகக் கிடைக்கிறது. இறுக மூடும் கண்ணாடிப் பாட்டில். ஒரு நோட்டுப் புத்தகம், பேனா.

நோட்டை யாரும் மதிப்பதில்லை. "இதெல்லாம் மனதிலேயே இருக்கிறது" என்பார்கள். அடுத்த ஆடிச் சாரலில் இலை கறுத்த பிறகு, போன ஆடியில் எத்தனை மணி நேரம் ஓட்டினோம் என்று கேட்டால் மனதில் ஒன்றும் இருக்காது.

2. டிரையர் சொல்லும் எண்ணைச் சோதியுங்கள்

முதலில் தெர்மாமீட்டரையே சோதியுங்கள். நொறுக்கிய ஐஸில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றிக் கலக்கி, முனையை அதில் வையுங்கள். 0 காட்ட வேண்டும். கொதிக்கும் தண்ணீரில் 100 காட்ட வேண்டும். நம் சமவெளிக்கு இது சரி. மாஞ்சோலை போல ஆயிரம் மீட்டருக்கு மேல் இருந்தால் தண்ணீர் மூன்று நான்கு டிகிரி முன்பாகவே கொதித்துவிடும், அதைக் கழித்துக்கொள்ளுங்கள். இரண்டு தெர்மாமீட்டரும் ஒரு டிகிரிக்குள் ஒத்துப்போனால் வேலைக்கு ஆகும்.

இனி டிரையரைக் காலியாக 45இல் ஓட்டுங்கள். ஒரு முனையை மேல் தட்டிலும் இன்னொன்றைக் கீழ்த் தட்டிலும் வைத்து, பத்து நிமிடத்துக்கு ஒரு முறை ஒரு மணி நேரம் குறியுங்கள். என்னுடையதில் டிரையரின் எண்காட்டி 45 என்று அமைதியாக நின்றுகொண்டிருக்க, கீழ்த் தட்டு 42க்கும் 51க்கும் இடையே ஊஞ்சல் ஆடியது. ஹீட்டர் அணைந்த பிறகும் அதன் கம்பியில் சூடு மிச்சம் இருக்கிறது. டிரையரின் உணர்முனையோ காற்று வெளியேறும் பக்கம் இருக்கிறது. ஹீட்டர் பக்கத்துத் தட்டு என்ன பாடுபடுகிறது என்பது அதற்குத் தெரியாது.

ஆகவே உங்களுக்கு வேண்டிய எண், நடுவில் நிற்கும் எண்ணல்ல, ஊஞ்சலின் உச்சி. துளசிக்கு 40ஐத் தாண்டக் கூடாது என்றால், உச்சி 40இல் நிற்கும்படி அமைப்பைக் கீழே இறக்குங்கள். என் டிரையரில் அதற்கு 35 வைக்க வேண்டியிருக்கிறது. உங்களுடையதில் 37 ஆக இருக்கலாம். அடுத்தவரின் எண்ணை எழுதி வாங்கிக்கொண்டு போவதில் பயனில்லை என்று நான் சொல்வது இதனால்தான்.

3. செடியின் பெயரை உறுதி செய்யுங்கள்

இது வெப்பநிலைக்குச் சம்பந்தமில்லாத படி போலத் தோன்றும். நம் பக்கத்தில் "அவுரி" என்று ஒரு மூட்டை வந்தால் அது தலைமுடிச் சாயத்துக்கான நீல அவுரியாக இருக்கலாம், பேதிக்குக் கொடுக்கும் நிலாவாரையாகவும் இருக்கலாம். உலகச் சந்தையில் திருநெல்வேலியின் பெயரிலேயே விற்கும் சென்னா இலை அந்த இரண்டாவது செடிதான். இரண்டும் சிறிய கூட்டிலைகள். வாடிய பிறகு மூட்டையாகப் பார்த்தால் புதியவர்களுக்கு வித்தியாசம் தெரியாது.

பெயர் தவறினால் வெப்பநிலை மட்டுமல்ல, விற்கும் இடமும் தவறும். மூட்டை கொண்டுவந்தவரிடம் பூவோடு ஒரு கிளை கேளுங்கள். மஞ்சள் பூ என்றால் நிலாவாரை. இளஞ்சிவப்பில் பொடிப்பொடியாக இருந்தால் நீல அவுரி.

4. எதைக் காப்பாற்ற வேண்டும் என்று முடிவு செய்யுங்கள்

செடிக்கு ஒரு எண் என்று மனப்பாடம் செய்வதைவிட, அந்தச் செடியை எதற்காக வாங்குகிறார்கள் என்று யோசித்தால் எண் தானாக வரும்.

மணத்துக்காக வாங்கும் இலைகள்: துளசி, புதினா, ஓமவல்லி, எலுமிச்சைப்புல். இவற்றுக்கு 35 முதல் 40. மணம் என்பது ஆவியாகும் எண்ணெய். அது போய்விட்டால் மிச்சம் வெறும் சருகு.

இந்த இடத்தில் ஒரு தம்பி மடக்கினான். வேதியியல் படித்தவன். "துளசியில் இருக்கும் யூஜினால் 250 டிகிரிக்கு மேல்தானே கொதிக்கும்? 60 வைத்தால் அது எப்படிப் போகும்?" நியாயமான கேள்வி. ஆனால் மழை பெய்து முற்றத்தில் தேங்கிய தண்ணீர் 100 டிகிரிக்குப் போய்தான் காய்கிறதா? கொதிக்காமலே ஆவியாகிறது, காற்று வீசினால் இன்னும் வேகமாக. எண்ணெயும் அப்படித்தான். சூடு ஏற ஏற அது இலையைவிட்டுக் கிளம்பும் வேகமும் கூடுகிறது. மெல்லிய இலை, ஓடும் காற்று, ஐந்தாறு மணி நேரம் என்று மூன்றும் சேரும்போது கொதிநிலையைப் பற்றிப் பேசுவதில் பொருளில்லை.

ஒரு மகளிர் குழு துளசியை 60இல் ஓட்டியது. சீக்கிரம் முடிந்துவிட்டது, தெருவே மணக்கிறது என்று மகிழ்ச்சியாகக் கூப்பிட்டார்கள். "மதினி, தெருவுக்குப் போன மணம் பொட்டலத்துக்குத் திரும்பி வராதே" என்றேன். போய்ப் பார்த்தால் பச்சை நன்றாகவே இருந்தது. கசக்கி முகர்ந்தால் வைக்கோல் வாசனை. டிரையர் அறை லேசாக மணக்கலாம். வாசலில் நிற்பவருக்கு மணந்தால் இரண்டு மூன்று டிகிரி இறக்குங்கள்.

பச்சைக்காகவும் சத்துக்காகவும் வாங்குவது முருங்கை இலை. இதற்கு 50 முதல் 55. இங்கே காப்பாற்ற வேண்டிய மணம் ஒன்றும் இல்லை. மாறாக, மெதுவாக உலர்த்தினால்தான் கேடு. பறித்த இலைக்குள் இருக்கும் நொதிகள் ஈரம் இருக்கும் வரை வேலை செய்துகொண்டே இருக்கும், இலை பழுப்பேறும். ஈரத்தைச் சீக்கிரம் எடுத்துவிட்டால் அவை அடங்கும். துளசிக்கு நல்லது முருங்கைக்கும் நல்லதென்று நினைத்து 38இல் இரவு முழுக்க ஓட்டியவர்கள் காலையில் மங்கிய, புளிப்பு வாடை அடிக்கும் இலையைத்தான் எடுத்தார்கள்.

கறிவேப்பிலை நடுவில் நிற்கிறது: மணமும் வேண்டும், பச்சையும் வேண்டும். 45 வைக்கிறேன். கொஞ்சம் மணம் போகத்தான் செய்யும், அதை ஒப்புக்கொண்டுதான் வேலை.

கசப்புக்காக வாங்கும் நிலவேம்பு 45 முதல் 50 வரை தாங்கும். அதன் கசப்பு காற்றோடு போகாது. ஆவாரம்பூவுக்கும் செம்பருத்திக்கும் நிறம்தான் விலை என்பதால் 40 முதல் 45. நிலாவாரை இலைக்கு 40. நிழலில் என்றால் ஒரு வாரம், பத்து நாள் ஆகும். பச்சையும் மஞ்சளும் கலந்த நிறத்தில் நின்றால் விலை, பழுப்பானால் வியாபாரி கையால் தள்ளிவிடுவார்.

வேர், கிழங்குகளுக்குத் தனிப் படி வைத்திருக்கிறேன், எட்டாவதில் பாருங்கள்.

5. ஆய்ந்து, கழுவி, நீர் வடித்து, பிறகு தட்டில்

பழுத்தது, பூச்சி அரித்தது எல்லாவற்றையும் முதலில் ஆய்ந்து எடுங்கள். முருங்கையை இணுக்கோடு போடாதீர்கள். இலை காய்ந்து நொறுங்கும் நேரத்தில் இணுக்கில் ஈரம் நிற்கும். பாட்டிலில் போட்ட பிறகு அந்த ஈரம் இலைக்குத் திரும்பி நமுத்துப்போகச் செய்யும்.

கழுவும்போது கசக்கக் கூடாது. இலை நசுங்கிய இடத்தில்தான் கறுப்பு முதலில் விழுகிறது. முருங்கைக்கு லிட்டருக்கு 10 கிராம் உப்புப் போட்ட தண்ணீரில் நான்கைந்து நிமிடம் வைத்து, நல்ல தண்ணீரில் அலசுகிறேன்.

பிறகு வலையில் கொட்டி, மின்விசிறிக் காற்றில் மேல் ஈரம் போகும் வரை விடுங்கள். இந்த அரை மணி நேரத்தைத்தான் எல்லோரும் மிச்சம் பிடிக்கப் பார்க்கிறார்கள். சொட்டும் இலையைச் சூட்டில் வைத்தால் அது காய்வதற்கு முன் தன் ஆவியிலேயே அவிந்துவிடும். அவிந்த இலையைக் கண்டுபிடிப்பது எளிது: கரும்பச்சையாகி, ஒன்றோடொன்று ஒட்டி, தட்டில் அப்பிக் கிடக்கும்.

பரப்பும் அளவுக்கு என் கணக்கு சதுர மீட்டருக்கு ஒரு கிலோ. 60 சென்டிமீட்டர் நீளம், 40 அகலம் உள்ள தட்டுக்குக் கால் கிலோவுக்குக் கொஞ்சம் குறைவாக வரும். நான் முழுதாக 250 கிராம் போடுகிறேன். தட்டைத் தூக்கிப் பிடித்து அடியிலிருந்து பார்த்தால் அங்கங்கே வெளிச்சம் தெரிய வேண்டும். "இடம் இருக்கிறதே" என்று இன்னொரு கை அள்ளிப் போடுவதுதான் எல்லாக் குழுக்களிலும் நான் பார்க்கும் பொதுப் பழக்கம். விருந்தாளிக்குச் சோறு போடும் கையல்லவா, கட்டுப்படாது.

ஒரு டிரையரில் ஒரே நேரத்தில் ஒரே சரக்கு. துளசியும் முருங்கையும் சேர்த்து ஓட்டினால் வெப்பநிலை இரண்டில் ஒன்றுக்குத் தவறும், முருங்கைப் பொடி துளசியாக மணக்கும்.

6. முதல் மணி நேரம்: காற்று வழியை முழுதாகத் திறந்து வையுங்கள்

ஈர இலையின் மேல் சூடான காற்று படும்போது, தண்ணீர் ஆவியாகப் போவதால் இலை குளிர்கிறது. மண்பானைத் தண்ணீர் குளிர்வது போலத்தான். ஆகவே முதல் மணி நேரத்தில் காற்று 50 டிகிரி என்றாலும் இலை அந்தச் சூட்டுக்கு வராது.

என் நோட்டிலிருந்து ஒரு முருங்கை நாளைத் தருகிறேன். காற்று 50. தட்டில் 250 கிராம். தெர்மாமீட்டர் முனையை இலைக் குவியலுக்குள் செருகி வைத்திருந்தேன். முதல் மணி முடிவில் இலை 36 டிகிரி, எடை 168 கிராம். இரண்டாவது மணியில் 40, 112. மூன்றாவதில் 45, 79. நான்காவதில் 48, 64 கிராம். நாலரை மணிக்கு 60 கிராமில் நிறுத்தினேன். அப்போது இலையின் சூடும் காற்றின் சூடும் ஏறக்குறைய ஒன்றாகிவிட்டிருந்தன.

முதல் ஒரு மணி நேரத்தில் மட்டும் 82 கிராம் தண்ணீர் போயிருக்கிறது, ஒரு தட்டில். பத்துத் தட்டுக்கு 800 கிராமுக்கு மேல். அத்தனை ஆவியும் வெளியேற வழி வேண்டும். சூடு வீணாகிறது என்று காற்று வழியை மூடினால் பெட்டிக்குள் இட்லிச் சட்டிதான். ஆகவே முதல் மணி நேரம் முழுத் திறப்பு, கதவுக் கண்ணாடியில் வேர்வை பூக்காமல் இருக்க வேண்டும். இரண்டாவது மணிக்குப் பிறகு பாதி மூடலாம்.

ஒவ்வொரு மணிக்கும் மேல் தட்டைக் கீழேயும் கீழ்த் தட்டை மேலேயும் மாற்றுங்கள். இரண்டாம் படியில் பார்த்த ஊஞ்சலை எல்லாத் தட்டும் சமமாகப் பகிர்ந்துகொள்ளட்டும்.

7. கடைசி மணி நேரம்: சூட்டை இறக்குங்கள்

அதே நோட்டை இன்னொரு முறை பாருங்கள். மூன்றாம் மணிக்குப் பிறகு இலையைக் குளிரவைக்கத் தண்ணீர் இல்லை. காற்றின் சூடு முழுதும் இலைக்கு ஏறுகிறது. நிறம் போவதும், மணம் போவதும், ஓரம் கருகுவதும் இந்த நேரத்தில்தான். ஆனால் வழக்கமாக நடப்பது என்ன? "இன்னும் கொஞ்சம்தான் பாக்கி, சீக்கிரம் முடித்துவிடலாம்" என்று சரியாக இந்த நேரத்தில்தான் திருகை ஏற்றுகிறார்கள்.

நான் தலைகீழாகச் செய்கிறேன். எடை, முடிவு எடையைப் போல ஒன்றரை மடங்குக்கு வந்ததும் ஐந்து டிகிரி இறக்கிவிடுவேன். முருங்கையில் 90 கிராம் வாக்கில் 50இலிருந்து 45. அரை மணியோ முக்கால் மணியோ கூடுதலாகும். மேலே சொன்ன நாளில் வேண்டுமென்றே இறக்காமல் விட்டு, மறுநாள் இறக்கி, இரண்டு பொடியையும் வெள்ளைக் காகிதத்தில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். சூட்டை இறக்கியது பச்சை, இறக்காதது பாசிநிறம். குழுவில் யாருக்கும் அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை.

மணமுள்ள இலைகளுக்கு இறக்க அதிகம் இடமில்லை. 38இல் தொடங்கினால் 35இல் முடியுங்கள், அவ்வளவுதான்.

8. வேருக்கும் கிழங்குக்கும் வேறு வழி

இலைக்குச் சொன்னதை இஞ்சியில் செய்யாதீர்கள். கிழங்கில் தண்ணீர் உள்ளே இருக்கிறது, மேலே வரச் சாவகாசம் வேண்டும். எடுத்த எடுப்பில் 65, 70 வைத்தால் மேல்தோல் இறுகி ஓடாகிவிடும். உள் ஈரம் சிறைப்படும். தட்டிப் பார்த்தால் சுக்கு போலவே ஒலிக்கும்; மாதம் தாண்டி உடைத்தால் உள்ளே பூசணம்.

இஞ்சியைத் தோல் சீவி, நான்கைந்து மில்லிமீட்டர் வில்லைகளாக நறுக்கி, 50இல் தொடங்குங்கள். மேல் ஈரம் போய் வில்லை சுருங்கத் தொடங்கியதும் 55, பிறகு 60. முழுக் கிழங்காகவே வேண்டுமென்றால் டிரையரை நம்பாதீர்கள், வெயிலில் நாள் கணக்காகக் காயட்டும்.

மஞ்சளை வேகவைத்த பிறகுதான் உலர்த்த வேண்டும்; அதற்கு 60 பொருந்தும். நன்னாரி மட்டும் வேராக இருந்தும் மணச் சரக்கு. அதன் வாசனை முழுதும் தோல் பக்கம் இருக்கிறது. மண் போகக் கழுவி, விரல் நீளத்துக்கு வெட்டி, 40ஐத் தாண்டாமல் பொறுமையாக உலர்த்துங்கள். இரண்டு நாள் ஆனாலும் ஆகட்டும்.

9. எப்போது நிறுத்துவது: கையை நம்பாதீர்கள், தராசை நம்புங்கள்

சூடாக இருக்கும்போது இலை துவண்டதுபோல் இருக்கும், ஆறினால் மொறமொறப்பாகும். சில இலைகள் நேர் எதிர். ஆகவே டிரையருக்குள் கைவிட்டு நொறுக்கிப் பார்த்து முடிவு செய்வது ஏமாற்றும். நாட்டு மருந்துக் கடைக்காரர் ஒரு பிடி எடுத்துக் குலுக்கிச் சத்தத்தை வைத்தே "காய்ச்சல் பத்தாது" என்று சொல்லிவிடுவார். அது முப்பது வருடக் காது. நமக்குத் தராசு.

கணக்கு இதுதான். முருங்கை இலையில் 100க்கு 78 பங்கு தண்ணீர் என்று வையுங்கள். அப்படியானால் 250 கிராமில் காய்ந்த பொருள் 55 கிராம். முடிவில் 8 சதவீத ஈரம் இருக்கலாம் என்றால் 55ஐ 0.92ஆல் வகுங்கள்: ஏறக்குறைய 60 கிராம். அதுதான் நிறுத்தும் எடை. ஒரு தட்டுக்கு மட்டும் ஓரத்தில் நூல் கட்டி அடையாளம் வைத்து, அதையே ஒவ்வொரு மணியும் எடை போட்டால் போதும். வெறும் தட்டின் எடையை முதலிலேயே குறித்துக்கொள்ளுங்கள். இதை மறந்துவிட்டுப் பாதியில் தலையைச் சொறிபவர்கள் நிறையப் பேர்.

உங்கள் இலையில் எத்தனை பங்கு தண்ணீர் என்பது செடிக்கும் பருவத்துக்கும் தக்கபடி மாறும். திசையன்விளைத் தேரியின் செம்மணல் முருங்கையும் ஆற்றங்கரை முருங்கையும் ஒன்றல்ல. அதனால் ஒவ்வொரு புதுச் சரக்குக்கும் ஒரு முறை, சிறு கைப்பிடியை எடை இனி மாறவே இல்லை என்னும் வரை உலர்த்திப் பாருங்கள். முதல் எடையிலிருந்து எவ்வளவு குறைந்ததோ அதுதான் தண்ணீர். அந்தக் கைப்பிடி வீணாகத்தான் போகும்.

தண்ணீர்க் கணக்கு தெரியாத சரக்கு என்றால்: அரை மணி இடைவெளியில் இரண்டு எடைக்கும் வித்தியாசம் ஒரு கிராமுக்குள் வந்தால் நிறுத்துங்கள்.

10. சாரல், ஐப்பசி மழை, கத்திரி வெயில்

தென்காசி, குற்றாலம் பக்கம் ஆனி ஆடியில் சாரல். சமவெளிக்கு ஐப்பசி கார்த்திகையில் மழை. இந்த நாட்களில் "காயவே மாட்டேன் என்கிறது" என்று தொலைபேசி வரும், கூடவே "பத்து டிகிரி ஏற்றிவிட்டேன்" என்றும் வரும். ஏற்றாதீர்கள். 30 டிகிரியில் 75 சதவீத ஈரப்பதம் உள்ள காற்றை 45க்குச் சூடாக்கினால் அதன் ஈரப்பதம் 33 சதவீதம் வாக்கில் இறங்கிவிடும். மழைநாள் காற்றும் உலர்த்தத்தான் செய்யும், கொஞ்சம் மெதுவாக. வெப்பநிலையை அப்படியே விட்டு, தட்டுக்கு 250 கிராமை 180 ஆக்குங்கள், காற்று வழியை இன்னும் ஒரு மணி நேரம் திறந்து வையுங்கள்.

மழைக்காலத்தில் இன்னொரு தொல்லை மின்வெட்டு. மின்சாரம் போனால் உடனே கதவைத் திறந்துவிடுங்கள். மூடிய பெட்டிக்குள் பாதி காய்ந்த இலை வேர்த்து, ஒரு மணி நேரத்தில் கறுக்கத் தொடங்கும். அரை மணிக்குள் வராது என்று தெரிந்தால் தட்டுகளை வெளியே எடுத்து விசிறக்கூடிய இடத்தில் அடுக்குங்கள்.

வள்ளியூர், பணகுடி பக்கத்தவர்களுக்கு இந்தக் கவலை குறைவு. காற்றாலைகளைச் சுழற்றும் அதே ஆடிக் காற்று நிழல் காய்ச்சலுக்கு அருமையானது. வலையால் மூடாவிட்டால் சரக்கு அடுத்த ஊருக்குப் போய்விடும்.

பாலிகார்பனேட் கூரை போட்ட சூரிய உலர்த்தி வைத்திருப்பவர்களுக்குச் சிக்கல் சித்திரை வைகாசியில். பகல் பதினொரு மணிக்கே உள்ளே 60ஐத் தாண்டிவிடும், அதை இறக்கத் திருகும் கிடையாது. உள்ளே ஒரு தெர்மாமீட்டரைத் தொங்கவிட்டு, காற்று வழிகளை முன்னதாகவே திறந்துவிடுங்கள். கூரைக்கடியில் பச்சை நிழல்வலை கட்டுங்கள். நேர் வெயில் பட்டால் சூடு குறைவாக இருந்தாலும் இலை வெளுக்கும். மணச் சரக்கை அந்த மாதங்களில் காலை பத்து மணிக்கு முன்னும் மாலையிலும் மட்டும் வைக்கிறேன்.

11. ஆறவைத்து, பாட்டிலில் சோதித்து, பிறகு பொட்டலம்

சூட்டோடு பையில் கட்டினால் உள்ளே வேர்க்கும். தட்டிலேயே அரை மணி நேரம் ஆறட்டும். அதற்குமேல் விடாதீர்கள், மழைநாளில் காய்ந்த இலை காற்றிலிருந்து ஈரத்தைத் திரும்பக் குடித்துவிடும்.

இனி பாட்டில் சோதனை. கண்ணாடிப் பாட்டிலில் முக்கால் பங்கு இலையை நிரப்பி, சிறிய ஈரப்பத மீட்டரை உள்ளே போட்டு, இறுக மூடி ஒரு நாள் வையுங்கள். மறுநாள் 60 சதவீதத்துக்குக் கீழே காட்டினால் பூசணம் பிடிக்காது. பொடியாக்கப் போகிறீர்கள் என்றால் 50க்குக் கீழே வர வேண்டும், இல்லாவிட்டால் மிக்ஸியில் அப்பிக்கொள்ளும். அதிகம் காட்டினால் பதறாதீர்கள். அதே வெப்பநிலையில், ஏற்றாமல், இன்னொரு அரை மணி ஓட்டுங்கள்.

அரைக்கும்போதும் சூடு உண்டு. மிக்ஸியைத் தொடர்ந்து ஓட்டினால் ஜார் கையைச் சுடும். ஆறு மணி நேரம் 38இல் காத்த துளசியை இரண்டு நிமிடத்தில் தோற்றுவிடுவோம். இருபது வினாடி ஓட்டி, நிறுத்தி, ஆறவிட்டு ஓட்டுங்கள். முடிந்தால் மணச் சரக்கை இலையாகவே விற்றுவிடுங்கள், வாங்குபவர் வீட்டில் பொடித்துக்கொள்ளட்டும்.

வெளிச்சம் புகாத பை, மேலே செடியின் பெயர், தேதி, உலர்த்திய வெப்பநிலை.

12. தட்டைக் கழுவுங்கள், நிலாவாரைக்குப் பிறகு கட்டாயமாக

துளசி எண்ணெய் தட்டில் படிந்திருந்தால் அடுத்த சரக்கு மணக்கும், அவ்வளவுதான். நிலாவாரை அப்படியல்ல. அதன் தூளில் பேதி மருந்து இருக்கிறது. தட்டின் வலைக் கண்களில் ஒட்டிய சருகு முருங்கைப் பொடியில் கலந்தால், வாங்கிச் சாப்பிட்டவர் என்ன ஏது என்று தெரியாமல் அவதிப்படுவார். உலர்த்தி எடுக்கும்போதும் முகக்கவசம் போடுங்கள். அந்தத் தூசியோடு நாள்தோறும் பழகுபவர்களில் சிலருக்கு ஒவ்வாமையும் இளைப்பும் வருவதுண்டு.

வெந்நீர், சோப்பு, தேய்க்கும் நார், பிறகு வெயில். டிரையரின் அடித்தட்டையும் விசிறி மறைப்பையும் துடையுங்கள். தூள் அங்கேதான் ஒளிந்திருக்கும். நான் இரண்டு முறை கழுவியும் நிம்மதி இல்லாமல், கடைசியில் நிலாவாரைக்கென்று நான்கு தட்டுகளைத் தனியாக வாங்கி, ஓரத்தில் சிவப்புப் பெயின்ட் அடித்து, வேறு அறையில் மாட்டி வைத்திருக்கிறேன்.